நைனார் வீட்டுத் துப்பாக்கி

18.8.2004

பிஸ்டல் வந்துவிட்டது. லைசென்ஸுக்கே பதினொரு மாதம் அலைந்தேன். வெளிநாட்டுச் சாமான் நம் வசதிக்கு எட்டாது. இது உள்நாட்டில் செய்தது, ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிறவன் வாங்கக்கூடிய விலை. கையில் எடுத்தால் கனமாகத்தான் இருக்கிறது.

என் மனைவி கனகவதி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஆதிநாதர் இருக்கிற பூஜை ரூம் பக்கம் அது வரக் கூடாது. அவ்ளோதான் சொல்வேன்" என்று உள்ளே போய்விட்டாள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற சமண நைனார் குடும்பம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கலசப்பாக்கம் ரோட்டில் வழிமறித்து ஜரிகைப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அறைந்தார்களே, அது என் கன்னம். அவள் கன்னம் இல்லையே.

29.8.2004

தேவிகாபுரத்தில் நம் நிலத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகினேன். புடவை அட்டைப்பெட்டி ஒன்றை மண்மேட்டில் சாய்த்து வைத்தேன். அதற்கு முன்னால் எறும்புப் புற்று இருக்கிறதா என்று குனிந்து தேடினேன். இருந்தது. பெட்டியைப் பத்தடி தள்ளி வைத்தேன். உன்னை நீயே பார்த்துச் சிரிக்காதே, சாந்திகுமார்.

முதல் இரண்டும் எங்கே போயின என்றே தெரியவில்லை. மூன்றாவது பெட்டியில் பட்டது. ஒவ்வொரு தடவையும் மேல்பாகம் தானே பின்னால் போய் அடுத்த குண்டை ஏற்றிக்கொள்கிறது. நாம் விசையை அழுத்தினால் போதும். அறைந்தவன் முகத்தை அந்த அட்டையில் நினைத்துக்கொண்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது — சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறு சுடுவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. எங்கள் வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ராப்பட்டினி. குண்டுகள் இருக்கும் மேகசினை உருவிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன். நல்லவேளை, கனகவதி இலை போட்டு வைத்திருந்தாள்.

30.8.2004

எழுதியே ஆக வேண்டும்.

காலையில் காத்தவராயன் புடவை கொண்டுவந்தான். பன்னிரண்டு வருஷமாக எனக்கு நெய்கிறவன். கனகவதி மகள் அக்ஷயாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். பிஸ்டலைக் காட்டு என்று அவன் கேட்கவில்லை. நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். மேகசின் தனியாகக் கிடந்ததைக் காட்டி, "பாரு, காலி. கொழந்தகூட விளையாடலாம்" என்றேன்.

"வேணாங்க நைனாரே. எனக்கு பயமா கீது."

தரையைப் பார்த்து விசையை அழுத்தினேன். வெடித்தது.

நேற்று ஆறாவதைச் சுட்டவுடன் ஏழாவது தானே குழாய்க்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மேகசினை எடுத்தாலும் அது உள்ளேதான் இருக்கும். மேல்பாகத்தை இழுத்து அதைத் தனியாக எடுக்க வேண்டும். கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். சோற்று அவசரத்தில் மறந்தேன். எறும்புக்குக் குனிந்தவன்!

அவன் இடது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன. பக்கத்து விசைத்தறிச் சத்தத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு எனக்கு நிம்மதி வந்தது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு முனகும்போது எனக்கு நிம்மதி.

"அம்மிக் குழவி விழுந்துச்சின்னு சொல்லிடலாங்க" என்றான். அவனே சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டான். திறந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

டாக்டர் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குழவி விழுந்தா இப்டியா பிச்சிக்கினு போவும்?"

"என் கண்ணெதிர்ல விழுந்துச்சு டாக்டர்."

"நைனாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுதிக்கொண்டார்.

31.8.2004

கனகவதியிடமும் குழவி என்றே சொன்னேன். 'பாவம், பாவம்' என்று சொல்லிக்கொண்டே தரையில் இருந்த ரத்தத்தை அவள்தான் கழுவினாள். குண்டு விழுந்த பள்ளத்தின் மேல் அதற்கு முன்பே பீரோவை நகர்த்தியிருந்தேன்.

16.11.2004

காத்தவராயன் மறுபடி தறியில் இறங்கிவிட்டான். பார்க்கப் போனேன். தறிக்குழிக்குள் இடது கால் மிதிக்கட்டையில் நிற்காமல் நழுவுகிறது. வலது காலால் இரண்டையும் மிதிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. எட்டு நாளில் முடிக்கிற புடவை, பதினெட்டு நாள் ஆகியும் பாதியில் நிற்கிறது. அவசரப்படுத்த எனக்கென்ன யோக்கியதை?

அவன் மனைவி கன்னியம்மா வாசல்வரை வந்தாள். "அம்மி உங்க வூட்டுப் பின்கட்டுல கீது. இவுரு முன்கட்டுல ஒக்காந்துக்கினு இருந்தாரு. குழவி நடந்து வந்துச்சாங்க நைனாரே?"

ஸ்கூட்டர் ஒரு உதையில் கிளம்பவில்லை. நாலைந்து தடவை உதைத்தேன். அவள் அதுவரை அங்கேயே நின்றாள்.

22.4.2005

மகாவீர் ஜெயந்தி. ஜினாலயத்தில் பிள்ளைகளுக்கு அகிம்சை பற்றிப் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசினேனாம்.

13.3.2006

தேர்தல் வந்துவிட்டது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பிஸ்டலோடு ஒரு கடிதமும் கொடுத்தேன். நடந்தது நடந்தபடி, கையெழுத்துப் போட்டு. வெளியே வந்ததும் உடம்பே லேசாகிவிட்டது.

14.3.2006

உடம்பு லேசாகிவிட்டதாம்.

காத்தவராயனை அழைத்துவரப் போலீஸ்காரர் அவன் வீட்டுக்கே போயிருக்கிறார். தெருவழியே நொண்டிக்கொண்டு வந்தானாம். இன்ஸ்பெக்டர் என்னையும் வரவழைத்து என் எதிரிலேயே கேட்டார். அவன் என்னைப் பார்க்காமல், "குழவிதாங்க விழுந்துச்சி" என்றான்.

"இவர் எழுதிக் குடுத்திருக்காரே?"

"நல்ல மனுசருங்க. மனசு கொழம்பிக் கீறாரு."

இன்ஸ்பெக்டர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க சார்."

வெளியே வேப்பமரத்தடியில் அவனைப் பிடித்தேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்ன? சுட்டது நான்தானே?"

அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "கேஸுன்னா யாரு அலையறது? நீங்க வாடகக் கார் வச்சிக்கினு போவீங்க. நான் தறிய வுட்டுட்டு கோர்ட்டுக்கு நொண்டிக்கினு வரணும். விரலு போனப்ப சொல்லியிருந்தா சரி. இப்ப உங்களுக்குத் தூக்கம் வர்லன்னு என்னை இங்க இட்டாந்துட்டீங்க. எங்க தெருவே நின்னு பாத்துச்சி நைனாரே. எங்க அப்பன் காலத்துலேர்ந்து எங்க வூட்ல யாரும் இந்தப் படி ஏறினதில்ல."

அவனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. சீ.

மதியம் கனகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீரோவைத் தனியாளாக நகர்த்திப் பள்ளத்தைப் பார்த்தாள். "அந்த ரத்தத்தக் கழுவினது நான்" என்றாள்.

25.5.2006

தேர்தல் முடிந்தது, வந்து பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம், லைசென்ஸையும் ரத்து செய்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். "யாருக்காச்சும் வித்துடலாமே சார்?" என்றார் ஸ்டேஷன் ரைட்டர். ஆயுதத்தை இன்னொருவன் கையில் கொடுப்பதும் பாவம்தான் என்றேன். அவர் சிரிக்காமல் இருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

7.9.2006

காத்தவராயன் ஆறு மாதமாக இன்னொரு பட்டு வியாபாரி மாணிக்கவேலுக்கு நெய்கிறான். சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான். அவர் அந்தக் காலுக்கு ஏற்றபடி வேறு மாதிரி மிதி வைத்துக் கொடுத்திருக்கிறாராம். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

இன்று சாயங்காலம் அக்ஷயாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்து கும்பிட்டான். "பாப்பா எத்தினியாவது படிக்கிது?" என்று அவளிடம் கேட்டான். அவள் மூணாவது என்றாள். அவன் காலையே பார்த்தாள்.

"விரல் எங்க மாமா?"

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். பிறகு, "உங்கப்பாதாம்மா கூட இருந்தாரு. அவரக் கேளு" என்றான்.

கோயில் மதில் வரை அவள் விடாமல் கேட்டாள். அங்கே நின்று சொன்னேன். துப்பாக்கி, நான், பொய் எல்லாமே. எட்டு வயதுக்கு எவ்வளவு புரியும் என்று நினைத்தேன். புரிந்தது. என் விரலைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். புத்தகப் பையையும் என்னிடம் கொடுக்கவில்லை. வீடு வரும்வரை தனியாக முன்னால் நடந்து போனாள்.