எண்பதுக்கு மேல் போகாதே

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா? நம் மகள் மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு சிறு வேடிக்கை. அலுவலக மடிக்கணினிகள் அடுப்பாய்க் கொதித்ததால், பிராசசர் வேகம் எண்பது சதவீதத்தைத் தாண்டாதபடி அமைத்திருந்தேன். சூடு குறைந்தது, பேட்டரியும் மாலைவரை தாங்கியது. மேலாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"முழு ஸ்பீடுக்குத்தான காசு குடுத்திருக்கோம்? உங்க வயசுக்கு மெஷினையும் தடி ஊனி நடக்க விடுறீங்களா, பெரியவரே? கழட்டி விடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த எண்பது வரம்பைக் கழற்றிவிட்டேன்.

மாதம் திரும்புவதற்குள் இரண்டு கணினிகளில் பேட்டரி உப்பி, விசைப்பலகையையே மேலே தூக்கிவிட்டது. நான் கைவைத்ததால்தான் கெட்டதாம். விசாரணை முடியும்வரை ஊருக்கு வர எனக்கு விடுப்பு இல்லை. என் பாஸ்போர்ட் அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. "எங்க போயிடப் போறீங்க?" என்று அன்போடு விசாரிக்கிறார். பதில் அவருக்கே தெரியும்.

பிரசவத்துக்கு அப்பா வந்துவிடுவார் என்று மகளிடம் இனிச் சொல்லாதே.

நீ ஒன்று செய். வீட்டு மடிக்கணினியை மெத்தைமேல் வைக்காதே. பவர் அமைப்புக்குள் போய், அதிகபட்ச வேகத்தை எண்பதாக்கிவிடு. மருத்துவமனையில் சார்ஜ் போட இடம் கிடைக்காமல் போகலாம். குழந்தையின் முகத்தை நீ வீடியோவில் காட்டும்போது திரை அணைந்துவிடக் கூடாது.

மேலாளர் கூப்பிடுகிறார். முழு வேகத்தில் போக வேண்டும்.

உன்னவன்