டஸ்டர் என் பையில்

ஜூலை 5, சனி

மும்பை மழை. ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் வண்டிக்கு அரைமணி நேரம் நின்றேன். செம்பூர் பள்ளிக்கூடத்தில் எனக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒன்பதாவது, பத்தாவது எடுக்கும் கணக்கு ஆசிரியர்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். இவர்கள் பள்ளிகளை நடத்தும் டிரஸ்ட் கட்டாயப்படுத்தி அனுப்பியிருக்கிறது. சனிக்கிழமை போய்விட்ட எரிச்சல் அத்தனை முகத்திலும். பிள்ளைகளைச் சொந்தமாக யோசிக்க வைப்பது எப்படி என்று இவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டும்.

முதல் வேலையாக டஸ்டரை எடுத்து என் பைக்குள் போட்டேன். இந்த வகுப்பில் யாரும் எதையும் அழிக்கக் கூடாது, தப்பு என்றால் மேலே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததை எழுதுங்கள் என்றேன்.

பிறகு கணக்கு. தரையில் சதுர டைல்கள், நீளத்தில் பன்னிரண்டு, அகலத்தில் எட்டு. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூல் பிடித்தால் எத்தனை டைல்கள் மேல் போகும்?

அந்தப் பள்ளியிலேயே வேலை பார்க்கும் சங்கரன் சார் எழுந்தார். மாட்டுங்காக்காரர், முப்பது வருஷ அனுபவம், எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பிதாகரஸ் போட்டார். இருநூற்றெட்டுக்கு வர்க்கமூலம் எடுத்தார். 14.4 என்று எழுதி இரண்டு அடிக்கோடு இழுத்தார்.

தாராவிப் பள்ளியிலிருந்து வந்திருந்த மாரீஸ்வரி மெல்லக் கேட்டாள். "சார், அந்தப் புள்ளி நாலு டைலு எங்கன கெடக்கு?"

அவர் கை டஸ்டரைத் தேடியது. கிடைக்கவில்லை.

"சரி மேடம், ஆன்ஸர் என்ன? அதைச் சொல்லுங்கோ."

சொல்லமாட்டேன் என்றேன். இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து 'ஆன்ஸர் ப்ளீஸ்', கூடவே கும்பிடு போடும் கைகள். பதில் போடவில்லை.

ஜூலை 12, சனி

இன்று கொஞ்சம் உயிர் வந்தது. மாரீஸ்வரி சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து பார்த்து, நீளத்தையும் அகலத்தையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் போதும் என்றாள். மூன்றுக்கு இரண்டு, சரி. ஐந்துக்கு நான்கு, அதுவும் சரி. கை தட்டினார்கள். நாலுக்கு இரண்டு போட்டுப் பாருங்கள் என்றேன். விதிப்படி ஐந்து வரவேண்டிய இடத்தில் நான்குதான் வந்தது. மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே தன் விதிமேல் ஒரு கோடு போட்டாள். மற்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள், ஏதோ நான் அவளை ஏமாற்றிவிட்டது போல.

சங்கரன் சார் சொன்னார், "பசங்க முன்னாடி நாமளே தப்பு தப்பாப் போட்டுண்டு நின்னா, அப்புறம் எவன் மதிப்பான்?"

"அந்தப் பயத்துலதானே சார் எல்லாரும் வீட்டுலயே போட்டுப் பாத்துட்டு கிளாசுக்கு வாறோம். தெரியாத கணக்கை எப்படிப் பிடிக்கணும்னு பிள்ளைங்க யாரைப் பாத்துப் படிக்கும்?" என்றேன்.

அவர் "மேடம் எங்க படிச்சேள்?" என்று மட்டும் கேட்டார். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடம் என்றேன். நிறுத்தி, சத்தமாக.

ஜூலை 17, வியாழன்

டிரஸ்ட் செக்ரட்டரி வானமாமலை போன் பண்ணினார். "எல்லா ஃபீட்பேக்லயும் ஒரே கம்ப்ளைண்டும்மா, ஆன்ஸர் தர்றதில்லன்னு. சனிக்கிழமை எல்லாத்துக்கும் ஆன்ஸர் ஷீட் குடுத்துருங்க. இல்லன்னா கோர்ஸை பந்த் பண்ண வேண்டியதுதான்."

இந்தக் கோர்ஸுக்காக மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறேன். கொடுத்துவிடலாமா? ஒரே ஒரு தாள்தானே — அந்தத் தாள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை போர்டுக்குப் போகும். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளின் நோட்டுக்குப் போகும், அழகான கையெழுத்தில். ஒரு பிள்ளைகூட நூல் பிடித்துப் பார்க்காது.

குடுக்க மாட்டேன். பந்த் பண்ணி நிறுத்தட்டுமே. என்னத்த வந்துச்சி?

ஜூலை 19, சனி

வானமாமலை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். தாள் தரவில்லை, தரப்போவதும் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

சங்கரன் சார் எழுந்து ஒரு கணக்கை எழுதினார். ஒரு வட்டம், இரண்டு நாண், ஒரு தொடுகோடு, ஒரு நீளம் கண்டுபிடிக்க வேண்டும். "இதை நீங்க போடுங்கோ, பாப்போம். தெரியாத கணக்கை எப்படிப் பிடிக்கறதுன்னு நாங்களும் பாத்துக்கறோம்."

கேட்டது நியாயம். சாக்பீஸை வாங்கினேன். நான் பார்த்தே இராத கணக்கு. மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டேன். வடிவொத்த முக்கோணம், ஒத்துவரவில்லை. கோடு போட்டேன். அடுத்த வழி சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்தது. கோடு. மூன்றாவதில் நீளம் மைனஸில் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். என் கை தானாகப் பைக்குள் போய் டஸ்டரைப் பிடித்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன். மூன்றாவது கோட்டையும் போட்டேன்.

நேரம் முடிந்தது. கணக்கு முடியவில்லை. இன்னும் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்னேன்.

வராந்தாவில் வானமாமலை சொன்னார், "மேடத்துக்கே வரல. இதுல இவங்களுக்கு என்ன சொல்லித்தரப் போறீங்க?" கோர்ஸ் இன்றோடு சரி.

பஸ்ஸில் அழுதேன். அவமானத்தில் இல்லை. கோபம், கோபம், கோபம். எனக்கு வராததுதான் இன்றைய பாடமே, அது ஏன் அந்த மனுஷனுக்குப் புரியலை?

ஜூலை 22, செவ்வாய்

வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் நிற்கும்போது. வட்டத்துக்கு வெளியே ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் அனுப்பவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மாரீஸ்வரி ஆண்டாப் ஹில் வரை வீடு தேடி வந்தாள். "டைல் கணக்கு வந்துட்டுக்கா. களவெல்லாம் மூலையிலதான். மூலை வழியா போகும்போது நூலு ரெண்டு கோட்டையும் ஒரே எட்டுல தாண்டிருது." கட்டம் கட்டமாக வரைந்த தாள்களைக் கட்டில் முழுக்கப் பரப்பினாள். இனி ஞாயிறுதோறும் வருகிறாளாம்.

கோர்ஸ் நின்றுவிட்டது என்று எவன் சொன்னான்? ஒருத்தி போதும்.

ஆகஸ்ட் 6, புதன்

செம்பூர் பள்ளி பியூன் போன் பண்ணினார். டஸ்டர் ஒன்று குறைகிறதாம், திருப்பித் தர வேண்டுமாம். அதைக்கூட விடமாட்டார்கள்.

சாயங்காலம் போனேன். பத்தாவது வகுப்பில் சங்கரன் சார் தனியாக நின்றுகொண்டிருந்தார். போர்டில் அதே வட்டம், அதே நாண்கள். அச்சடித்த எழுத்தில் ஒரு வழி, அதன்மேல் கோடு. இன்னொரு வழி, அதன்மேலும் கோடு. கோட்டைக்கூட ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருக்கிறார். அவற்றுக்குக் கீழே பிள்ளைகளின் கோணல் எழுத்தில் மூன்று நான்கு முயற்சிகள்.

"அன்னிக்கு உங்களை மடக்கறதுக்குத்தான் கொண்டு வந்தேன். எனக்கும் இது வராது," என்றார் போர்டைப் பார்த்தபடியே. "பசங்ககிட்ட சொல்லிட்டேன், வராதுன்னு. பெல் அடிச்சும் போகமாட்டேன்னு நின்னுதுகள்."

"எனக்கு வந்துட்டு சார்."

சட்டென்று கையைத் தூக்கினார். "சொல்லிடாதேங்கோ."

டஸ்டரை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பியூன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க எடுத்துண்டு போங்கோ."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். டிபன் டப்பா, குடை, பர்ஸ், எல்லாவற்றிலும் சாக்பீஸ் பொடி.