ஒர்க் ஷாப் வாசலில் நீங்கள் நின்ற காலை

அம்மணி,

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற எங்கள் வீட்டு மோட்டார் போன வாரம் புகைந்து நின்றுவிட்டது. உள்ளே எரிந்துபோன செம்புக் காயிலைப் புதிதாகக் கட்டக் கொடுத்து இன்றைக்குத்தான் வந்தது. சுற்றியிருந்த சாக்கைப் பிரித்ததும் வார்னிஷ் வாசம் சமையல்கட்டு வரை போய்விட்டது. வீட்டில் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்கள். நான் மட்டும் அந்த மோட்டார் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருடம் அந்த வாசத்துக்குள்ளேதானே நீங்களும் நானும் அடுத்தடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றினோம்.

நீங்கள் எங்களையெல்லாம் விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று ஒரு மாதமாக என்னிடம் இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் அதற்கு முன்கதை சொல்ல வேண்டும். உங்களுக்கு அது வேண்டியதில்லை. ஆனாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன், எனக்கு அப்படி எழுதினால்தான் வருகிறது.

நான் உங்களை அம்மணி என்பேன், நீங்களும் என்னை அம்மணி என்பீர்கள். ஒரே வயசு என்பதால் யாரும் யாரையும் அக்கா என்று கூப்பிட வழியில்லை. மோட்டார் கம்பெனியில், நாம் கம்பி சுற்றிய வைண்டிங் பிரிவில், நமக்கு 'ரெண்டு அம்மணி' என்றே பெயர் விழுந்துவிட்டது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர், நான் செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போகிறவள். வேலை நாளெல்லாம் காலை ஏழரை மணிக்குத் துடியலூரில் நம் தெருமுனையில் சேர்ந்து, மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு நடந்து, பெரியநாயக்கன்பாளையத்துக்கு டவுன் பஸ் ஏறுவோம்.

அந்த நடையில்தான் செல்வராஜின் ஒர்க் ஷாப் இருந்தது. மாவு மில், கம்ப்ரசர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற இடம். உள்சுவரில் பழைய மெஷின் பெல்ட்டுகள் வரிசையாகத் தொங்கும். வாசல் இரும்புக் கம்பத்தில் அவருடைய நாய் மணியைக் கட்டியிருப்பார். செவலை நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. வாரத்தில் இரண்டு காலையாவது அந்தப் பெல்ட்டுகளில் ஒன்று அவர் கையில் இருக்கும்.

நாய் முதலில் கத்தும். பிறகு கத்தாது. அந்தக் கத்தாத நேரம்தான் எனக்குத் தாங்காது. அந்த இடம் வந்தால் நான் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன், முந்தின நாள் குழம்பைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, வாயில் வந்ததை. எதிரில் துணி தேய்க்கிறவர் பெட்டியில் கரி போடக் குனிவார். மாடி வீட்டில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். தெருவுக்கே தெரியும், தெருவில் யாருக்கும் தெரியாது.

ஒரு காலை நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

எதிராளி யாராக இருந்தாலும் 'ங்க' போடாமல் பேசாத நீங்கள், அன்று அந்த மனிதரைப் பார்த்துக் கத்தினீர்கள். "மனுசனாய்யா நீ? வாயில்லாத சீவனை இந்த அடி அடிக்கறயே, உனக்கெல்லாம் ஊடு வாசல் ஒரு கேடா?" நாலு வீட்டிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். செல்வராஜ் முகம் கறுத்து, பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு, அவரவர் சோலியைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னார். நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் இருவருக்கும் ஒரு நிறைவு இருந்தது, எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கம்பத்தில் நாய் இல்லை. துணி தேய்க்கிறவர்தான் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புனதுதானுங்க அம்மணி, ஷட்டரை எறக்கிப்போட்டான். உள்ள வெச்சு அடிச்ச சத்தம் எனக்கே பொறுக்கலீங்க. நாலு பேரு முன்னால அவமானமாப் போச்சுன்னு அத்தனையும் அதும்மேல காட்டிப்போட்டான்."

உங்கள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அடுத்த இரண்டு நாளும் மணியைக் காணவில்லை. பதினோரு வருடத்தில் சுற்று எண்ணிக்கை தப்பாத நீங்கள் அந்த இரண்டு நாளில் இரண்டு காயிலை வீணாக்கினீர்கள். செத்துப் போயிருக்கும் என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை. நீங்களும் அதையே நினைத்தீர்கள் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில்தான் என் அப்பாவைப் பற்றி உங்களிடம் சொன்னேன். அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு நாய் இருந்தது. அடைகாத்த முட்டையைத் தின்றுவிட்டது என்று அப்பா அதைக் கட்டிவைத்து அடித்தார். எனக்கு ஒன்பது வயது, கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்திருந்த மூன்று உறவுக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். அவிழ்த்துவிட்டதும் அந்த நாய் போய்விட்டது, திரும்ப வரவேயில்லை. அப்பாவின் கை எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. அந்த மூன்று பேரும் காப்பியை உறிஞ்சிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நீங்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னீர்கள்: "அவங்க வாயத் தொறக்காம கெடுத்தாங்க, நான் வாயத் தொறந்து கெடுத்துப்போட்டேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கோணுமுங்க அம்மணி."

மூன்றாம் நாள் காலை அரை மணி நேரம் முன்னதாகவே வரச் சொன்னீர்கள். செல்வராஜ் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். நீங்கள் நேராகப் போய் நின்றபோது இன்னொரு சண்டை என்று நினைத்து நான் நாலடி பின்னால் நின்றுகொண்டேன். நீங்களோ, அன்றைக்குத் தெருவில் வைத்து அப்படிப் பேசியது தப்பு என்று மன்னிப்புக் கேட்டீர்கள். அந்த மனிதர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகுதான் மணி எங்கே என்று கேட்டீர்கள். அவர் உள்ளே பெஞ்சுக்கு அடியில் காட்டினார். இருட்டில் இரண்டு கண் தெரிந்தது. உயிரோடு இருந்தது. நான் அங்கே கிடந்த ஒரு மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் அதன் பக்கத்தில் போகவில்லை. நாய் அப்படி என்னதான் செய்கிறது என்று மட்டும் கேட்டீர்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி அவர் கொட்டினார். இரண்டு மாதமாக யார் பக்கத்தில் வந்தாலும் பாய்கிறதாம். ஒரு வாடிக்கையாளரைக் கடித்துவிட்டதாம். இன்னொரு முறை நடந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கட்டிடக்காரர் சொல்லிவிட்டாராம். நாலு போட்டால் அடங்கும் என்று பார்ப்பவர்களெல்லாம் சொன்னார்களாம். "குட்டியில சட்டைக்குள்ள போட்டுக் கொண்டாந்தனுங்க. இப்ப என்னையே பாத்து உறுமறான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே மணி தலையை ஒருபக்கம் சாய்த்துக் காதைத் தரையில் தேய்த்தது. அதை முதலில் கவனித்தது நீங்கள்தான். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டோம். முதலில் மாட்டேன் என்ற செல்வராஜ், துணியால் அதன் வாயைக் கட்டி, குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் சின்னப் பெண். காதை விரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே முழுக்கச் சீழ் என்றார். தலைப்பக்கம் யார் கை வந்தாலும் உயிர் போகிற வலி, அதனால் பாய்கிறது, பாய்ந்தால் அடி விழுகிறது, அடி விழுந்ததால் கையைக் கண்டாலே பாய்கிறது. செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, "இதுக்கா நான்" என்று ஆரம்பித்தார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

அவர் மருந்து வாங்கப் போனபோது நீங்கள் டாக்டரிடம் கேட்டீர்கள், ரோட்டில் போகிறவர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்னதான் செய்வது என்று. முதலில் அடிக்கிற கை நிற்க வேண்டும், அதற்கு ஏதாவது கேட்கிற சாக்கில் அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். நாலு பேர் முன்னால் கேவலப்படுத்த வேண்டாம். நடுவில் பாய வேண்டாம். அடிபட்ட நாயைத் தொட வேண்டாம், காப்பாற்ற வந்தவரையும் அது கடிக்கும். முடிந்தால் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கோபம் இறங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். அப்படியும் அடங்காதவர் என்றால் போலீசுக்குச் சொல்லுங்கள், மிருகத்தை வதைப்பது சட்டப்படி குற்றம், சொந்த நாயாக இருந்தாலும். நீங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "துணைக்கு ஆள் இருக்குதுங்க" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலடி பின்னால் நின்றவள் நான்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. ஐப்பசி மழையில் ஒரு காலை அவர் கை மறுபடியும் ஓங்கியது. நீங்கள் வாசலில் நின்று, "ஏனுங்க, கொஞ்சம் குடிக்கத் தண்ணி கெடைக்குமுங்களா?" என்று கேட்டீர்கள். கொட்டுகிற மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு. அவர் நம்மைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். நாம் இரண்டு பேரும் மடமடவென்று குடித்தோம். நம் பைகளில் தண்ணீர் நிறைந்த பாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பல மாதம் கழித்து அதைச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கை ஓங்கி நான் பார்க்கவில்லை. துணி தேய்க்கிறவரும் பார்க்கவில்லையாம். இப்போதெல்லாம் அவர் கரிப் பெட்டிக்குக் குனியாமல் அந்தப் பக்கம் பார்க்கிறார்.

உங்கள் அடக்கத்துக்குச் செல்வராஜ் வந்திருந்தார். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, முடியும்வரை நின்றார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவங்க அன்னிக்குத் திரும்பி வரலீன்னா அவனைக் கொன்னுபோட்டிருப்பனுங்க." மணி நன்றாக இருக்கிறது. வாயைச் சுற்றி நரைத்துவிட்டது. வாடிக்கையாளர்கள் வந்தால் எழுந்து இடம் கொடுக்கிறது.

இனி, நான் சொல்ல வந்தது.

போன மாதம் வேலை முடிந்து கம்பெனிக்குப் பின்சந்து வழியாகத் தனியாக வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, ரப்பர் டியூப் துண்டால் ஒரு நாயை அடித்துக்கொண்டிருந்தாள். வளர்ந்தும் வளராத நாய், துணி துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. ஒரு பைக் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போய்விட்டது. நானும் தாண்டிப் போய்விட்டேன் அம்மணி. ஏழெட்டு அடி. வாய் தானாக ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தது, பக்கத்தில் ஆளே இல்லாமல். அது என் காதிலேயே விழுந்தபோது நின்றேன். திரும்பி வந்தேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு "ஏனுங்க" என்றேன். சத்தமே வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அவள் திரும்பினாள். என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருக்கவில்லை, அதனால் எங்கள் கம்பெனி பெயரைச் சொல்லி, அதற்கு எப்படிப் போவது என்று வழி கேட்டுவிட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, நீங்க அங்கதானுங்களே வேலைக்குப் போறீங்க? தினமும் இப்படித்தான போவீங்க?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவளுக்குப் புரிந்துவிட்டது. டியூபை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். மாமியார் ஆறு மாதமாகப் படுக்கையில். அன்று மட்டும் மூன்று முறை விரிப்பு துவைத்துப் போட்டிருக்கிறாள், மூன்றாவதை நாய் இழுத்து மண்ணில் புரட்டிவிட்டது. காலையில் சாப்பிட்டதோடு சரி. நான் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டு முடித்த பிறகு, விரிப்பை இழுக்கக் கூடாது என்பது இந்த அடியில் அதற்குப் புரியாது, அடிக்கிற ஆளைக் கண்டு பயப்படத்தான் பழகும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் நைலான் கயிறு வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் சேர்ந்து நாய்க்கு எட்டாத உயரத்தில் துணி உலர்த்தக் கொடி கட்டினோம். கட்டி முடிக்கும்வரை அது கல்லுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. அன்றைக்கு அந்தச் சந்தில் திரும்ப நடந்தபோது எனக்குப் பாரமாகவே இருந்தது. நாலாம் நாள் அவள் சோறு வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள், நாய் வந்து தின்றது. பத்தாம் நாள் அவள் கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போனது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற ஒன்பது வயதிலிருந்து சுமந்த எதையோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. யார் வீட்டு வாசல் என்றும் பார்க்காமல் நின்று அழுதுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் நான் உங்களிடம் கேட்டேன், அந்த மூன்றாம் நாள் காலை உங்களுக்குப் பயமே இல்லையா என்று. நீங்கள் சிரித்தீர்கள். "கை ரெண்டும் நடுங்குச்சுங்க அம்மணி. அதனாலதான பின்னால கட்டிக்கிட்டு நின்னேன்." பின்னால் நின்ற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் உங்கள் கையைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய பெல்ட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணின் கேட்டைப் பிடித்திருந்தபோது கேட்டே ஆடியது. ஆனால் அது ஆடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட முடிகிறது. உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இவ்வளவுதான், எனக்கு இது போதும். நாளைக்கும் பின்சந்து வழியாகத்தான் வருவேன். அந்தப் பெண் அவளுடைய நாய்க்கு இன்னும் பேர் வைக்கவில்லையாம், நாளைக்குள் ஒன்று யோசித்து வரச் சொல்லியிருக்கிறாள்.