சீனா டிவிக்குச் சொன்ன பொய்

சோனாப்பூர் கேம்ப், துபாய்
26.10.2007

அன்புள்ள நாகஜோதிக்கு,

நீயும் பிள்ளை ஜோதிமணியும் சுகமாக இருக்க வேண்டும். வேறு கம்பெனியிலிருந்து லீவில் ஊருக்கு வரும் கௌஸ் முகம்மது பாயிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் உன் தம்பி விஜயபாஸ்கரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவனுக்கும் படித்துக் காட்டு.

போன மாதம் அருப்புக்கோட்டை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தீர்களே, அன்று இங்கே படம்பிடித்தவர்கள் சீனா டிவிக்காரர்கள். இன்டர்நெட் வந்து உலகம் எப்படி மாறியது என்று பல வாரம் ஓடும் தொடர் எடுக்கிறார்களாம். பிரிந்திருக்கும் குடும்பங்கள் கம்ப்யூட்டரில் முகம் பார்ப்பது அதில் ஒரு வாரம்.

எனக்குப் பின்னால் தெரிந்த ஏசி அறை மேனேஜர் ஆபீஸ். சட்டையும் அவர்கள் கொடுத்ததுதான். நாங்கள் ஒரு ரூமில் பன்னிரண்டு பேர் கிடக்கிறோம். மறுநாளே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளே போகும் முன், எங்களை மேய்க்கும் கேம்ப் பாஸ் சோலையப்பன் என் தோளில் கை போட்டு, "சிரிச்சுப் பேசு மாப்ள. உன் பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றான். பிறகு கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். படமெடுத்த சீனத்து அம்மா நல்லவர். ஊருக்கு எப்போது போவீர்கள் என்று இந்தி தெரிந்த ஆளை வைத்துக் கேட்டார். சோலையப்பன் முகத்தைப் பார்த்தேன். பொங்கலுக்கு என்றேன். நீ அங்கே சிரித்தாய். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கான்ட்ராக்ட் முடிந்து ஏழு மாதம் ஆகிறது, நாகு. ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டால், மாஃபி, இல்லை, அந்த ஒரே பதில்தான்.

விஜயபாஸ்கர் இதே கம்பெனிக்கு வர ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேம்ப் போன் சோலையப்பன் மேசையில் இருக்கிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், "சரி, சரி" என்று வைத்துவிட்டேன். மச்சான் ஏசியில் இருக்கிறார் என்று அவன் நம்பியது என் முகத்தைப் பார்த்துத்தானே.

போய் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கச் சொல். தான் மட்டும் நல்லா இருக்கணும்னு நினைக்கிற மச்சான் என்று ஊர் முழுக்கச் சொல்லட்டும், பரவாயில்லை.

ஜோதிமணிக்குக் காது குத்துவதை எனக்காகத் தள்ளிப்போடாதே. இந்தத் தையிலேயே நடத்திவிடு. பிள்ளையை மடியில் உட்கார வைக்கத் தாய்மாமனாவது ஊரில் இருக்கட்டும்.

உங்கள் நினைப்பாகவே இருக்கும்,
அழகுமலை