அப்பாவின் டீயில் நான் ஊற்றியது

ஆகஸ்ட் 8, வெள்ளி

கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் பின்பக்கத்தைத் திருப்பி இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்றால், நீங்கள் யாராக இருந்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், இத்தோடு மூடிவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். அப்பாவிடம் காட்டினால் நான் இந்த வீட்டில் இருக்க முடியாது.

நாள் முழுக்க மேற்கில் இருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட யூனிஃபார்மில் உப்பும் மண்ணும். மாதா கோவில் திருவிழாக் கடைகளை இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பயம் பாதி, சந்தோஷம் பாதி.

முதலில் இருந்து. அப்பா தோணியில் தண்டல். அதாவது தோணிக்குக் கேப்டன். வெங்காயம், சிமெண்ட், செங்கல் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வருவார்கள். இப்போது காற்றுக் காலம், தோணி கரையில் பழுது பார்க்கக் கிடக்கிறது. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். போன சீசனில் வேறொரு தோணியில் சுகர்காரர் ஒருவர் நடுக்கடலில் மயங்கி விழுந்ததால், முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ரத்தம் பார்த்து, டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் ஏறலாம். இல்லையென்றால் வேறு தண்டல்.

அப்பாவுக்கும் சுகர். டாக்டரம்மா சொன்ன அன்றே சீனியை விட்டுவிட்டார், மாத்திரையும் தவறாமல் போடுகிறார். திருவிழாப் பாயசத்தைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் போன வாரம் பார்த்தபோது முன்பைவிட அதிகம். அம்மா மாதா படத்தின் முன்னால் அழுதாள்.

இன்று டீ டம்ளர் கழுவும்போது காலி டின் பால் டப்பா கையில் இருந்தது, கண்டென்ஸ்டு மில்க். மாலத்தீவில் இருந்து வரும்போதெல்லாம் அப்பா வாங்கி வருவது. ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, இறக்கிய டீயில் கெட்டியாகச் சாய்ப்பார். தோணியில் பசும்பால் ஏது, அங்கே இதுதான் பால். வீட்டிலும் அதே பழக்கம். சும்மா லேபிளைப் படித்தேன். இங்கிலீஷ், பொடி எழுத்து.

பால், சீனி. அவ்வளவுதான். எடையில் ஏறக்குறைய பாதி சீனி!

எங்கள் தெருவில் யாருமே அதைச் சீனி என்று நினைத்ததில்லை. பெயரே பால். அப்பா சாயங்காலம்கூட அம்மாவிடம் சொல்கிறார்: “சீனிதான வேண்டாம்னாவ? பால யாரு வேண்டாம்னா?” சொல்லிக்கொண்டே சாய்க்கிறார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

சொல்ல முடியாது. ஒரு தடவை அத்தை பாலில் தண்ணீர் கலந்துவிட்டாள் என்று கெட்டிலோடு முற்றத்தில் வீசியவர். நான் லேபிளைப் பற்றிச் சொன்னால் “நாலெழுத்து படிச்ச திமிரு” என்பார். அம்மா டின்னை ஒளித்தால் கடற்கரை டீக்கடைக்குப் போய்விடுவார்.

அப்படியானால்?

ஆகஸ்ட் 9, சனி

வெயில். ஸ்பெஷல் கிளாஸ். பக்கத்தில் கோமதி. இவளிடம் மட்டும் சொன்னேன். ஏரல் பக்கம் ஊர், வீட்டில் மாடு இருக்கிறது.

“மாவுச்சத்தும் சீனியும் கம்மியா, டீக்கு ஊத்துத மாதிரி பால் வேணும். மாடு இல்லாமக்கூட இருக்கலாம்.”

“மாடு இல்லாம பாலா? ஏளா, எங்க லெட்சுமி காதுல விழுந்துச்சுன்னா கறவைய நிறுத்திரும்.”

ஆனாலும் சாயங்காலம் கூடவே சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தாள். வாங்கவில்லை, படித்தோம். ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பித் திருப்பி. கடை அண்ணாச்சி இரண்டு தடவை வந்து பார்த்தார். “என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிய?”

எழுதி வைக்கிறேன்.

ஓட்ஸ் பால்: டப்பாவில் இதயம் படம் எல்லாம் போட்டிருக்கிறது. ஆனால் ஓட்ஸ் தானியம், அரைத்துக் கரைத்தால் கஞ்சித் தண்ணீர்தானே. மா.ச. (மாவுச்சத்து) நிறைய. வேண்டாம்.

சோயா: முன்பக்கம் ஒன்றும் இல்லை, பின்பக்கம் சீனி. சீனி இல்லாததும் ஒன்று இருந்தது. கோமதியின் அக்கா காபியில் ஊற்றிப் பார்த்தாளாம், தயிர் மாதிரித் திரிந்ததாம்.

பாதாம், இனிப்புச் சேர்க்காதது: மா.ச. இருப்பதிலேயே குறைவு. விலையைப் பார்த்துவிட்டு இருவரும் மெதுவாக இடத்திலேயே திரும்ப வைத்தோம். வீட்டிலும் ஊற வைத்து அரைக்கலாம். ஆனால் தண்ணியாக இருக்கும், அப்பா கண்டுபிடிப்பார்.

முந்திரி: மக்ரூன் போடும் பேக்கரியில் உடைசல் கொஞ்சம் வாங்கினேன். நாளை.

தேங்காய்: கோமதி சொன்னாள். “வீட்ல இருக்கத வச்சிக்கிட்டு எதுக்கு ஊரெல்லாம் சுத்துத?” போனில் தேடிப் பார்த்தோம். சீனி போடாத தேங்காய்ப் பாலில் மா.ச. கொஞ்சம்தான். கொழுப்புதான் அதிகம்.

தூக்கம் வரவில்லை. நாளை ஞாயிறு!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் பூசை முடிந்து வந்தேன். அம்மாவும் அப்பாவும் அத்தை வீட்டுக்கு. அடுப்பும் குசினியும் எனக்கு மட்டும்.

முந்திரிப் பால்: அரைத்து வடிகட்டும்போது என்ன அழகு! அடுப்பில் வைத்ததும் கூழ். ஸ்பூன் நிற்கிறது. மாவுச்சத்து இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. சர்க்கரைக்காரருக்குக் கூழ் காய்ச்சிவிட்டேன்.

தேங்காய்ப் பால்: டீத்தூளோடு சேர்த்து நன்றாகக் கொதிக்க விட்டேன். திரிந்து எண்ணெய் தனியாக மிதந்தது. டீ இல்லை, மீன் போடாத குழம்பு. சாக்கடையில் ஊற்றி மூடுவதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

“யாருளா சொதி வச்சது?”

“பக்கத்து வீட்ல.”

“ஞாயித்துக்கிழம அவுக வீட்ல கறிதான எடுப்பாக?” ஒரு மாதிரி பார்த்தாள். வாசனை அம்மா மனதில் நின்றிருக்க வேண்டும். மத்தியானம் அவளே சொதி வைத்தாள், தேங்காய்ப் பால் குழம்பு.

தேங்காய் துருவிக் கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாலில் காய் வெந்தது. இரண்டாம் பால் ஊற்றிக் கொதி. பிறகு அடுப்பை அணைத்தாள். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கிண்டு, மூடி.

“ஏன் அணைச்ச?”

“முதப்பால் கொதிச்சா திரிஞ்சிரும்லா. இதுகூடத் தெரியாம பதினொண்ணாங் கிளாஸ் படிக்கா.”

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. அணைத்த பிறகு! அப்பா செய்வதும் அதுதானே! இறக்கிய டீயில்தானே டின்னைச் சாய்க்கிறார்! டின்னுக்குள் முதல் பால் இருந்தால் போதும். திரியாது. கெட்டியாகவும் இருக்கும். தோணியிலும் தேங்காய் கிடக்கும், மீன் குழம்புக்கு மூட்டையாக ஏற்றுவார்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம், எல்லாம் சரியாக வருகிறது!!

பயமும் வந்தது. அந்த டின்னை அப்பா யார் கையிலும் தர மாட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மா காலையிலேயே இறால் கம்பெனிக்குப் போய்விடுவதால் டீத் தண்ணீர் என் பொறுப்பு. அப்பா குளிக்கப் போனதும் டின்னில் கால்வாசியை ஒரு கிண்ணத்தில் வடித்தேன். ஆணி ஓட்டையில் சின்னப் புனல் வைத்து முதல் பாலை ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. குளியலறையில் வாளிச் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு ஓட்டையையும் விரலால் மூடி ஒரு குலுக்கு. துடைத்து வைத்தேன். கிண்ணம் அரிசிப் பானைக்குப் பின்னால்.

அப்பா சாய்த்தார். உறிஞ்சினார். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னைக்கி டீ கனமா இருக்கே.”

“தூள் கூடப் போட்டேன்பா.”

“ம். இப்படியே போடு.”

ஸ்கூல் வரைக்கும் ஓடினேன், பஸ்ஸில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம், மிட்டாய், பிறகு மாதா விண்ணேற்புப் பூசை. ஒரே நாளில் இரண்டுக்கும் வெள்ளை உடுப்பு. மழை வருவது போல் வந்து போய்விட்டது.

இப்போது பாதிக்குப் பாதி. தேங்காய்ப் பால் வெளியே கெட்டுப் போகும், அதனால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை புதிது. நிறம் கொஞ்சம் வெளுக்கிறது. தூளைக் கூடுதலாகக் கொதிக்க விடுகிறேன். ஏலக்காய் ஒன்று. உப்பு ஒரு கல், தேங்காய் வாடையை அமுக்குகிறது. இனிப்புக் குறைவது அப்பா நாக்குக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம், கொஞ்சம்.

இன்று அத்தையிடம் அப்பா: “இப்பல்லாம் கம்பெனிக்காரன் நல்ல பால் போடுதான். முன்ன மாதிரி திகட்டல.”

சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன், மூக்கில் ஏறிவிட்டது.

அம்மாவுக்குக் காபியில் வீட்டு பாதாம் பால் போட்டுப் பார்த்தேன். கோமதி கொடுத்த பாதாம். சூடாக்கி மெதுவாக ஊற்றியதில் திரியவில்லை. “என்னளா, கோவில் பிரசாதம் மாதிரி மணக்கு?” என்று முழுவதும் குடித்தாள். காபிக்கு பாதாம், டீக்குத் தேங்காய். முடிவு.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று எழுத மனமில்லை. ஆனாலும்.

நேற்றிலிருந்து டின்னில் முழுக்கத் தேங்காய்ப் பால். சாயங்காலம் அப்பா தோணிக் கரையில் இருந்து வந்தார். சட்டை நனைந்திருந்தது. வெயிலில் வந்த வேர்வை இல்லை. வாசல்படியில் உட்கார்ந்தார். கையை நீட்டிப் பார்த்தார், நடுங்கியது.

“ஒரு மாதிரி வருது, பிள்ள.”

அப்பா என்னைப் பிள்ள என்று கூப்பிட்டு எவ்வளவு காலம்.

எனக்குப் புரிந்துவிட்டது. சீனியை நான் எடுத்துவிட்டேன், மாத்திரை அப்படியே இருக்கிறது. மாத்திரை சுகரை இறக்குகிறது, இறக்க ஒன்றும் இல்லை. ஓடிப்போய் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த கிண்ணத்தை எடுத்தேன். அசல் டின் பால். பெரிய ஸ்பூனால் அப்பாவுக்கு இரண்டு வாய் ஊட்டினேன். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் வேர்வை நின்றது. “வெயில்” என்றார். படுத்துக்கொண்டார். தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா வந்ததும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அழுதுகொண்டே சொன்னதில் அவளுக்கு முதலில் பிடிபட்டது ஒன்றுதான்.

“அப்ப தேங்கா எல்லாம் நீதான் எடுத்தியா? நான் தேங்காக்கட அண்ணாச்சிகிட்ட எண்ணிக்க குறையுதுன்னு சண்ட போட்டுட்டு வந்துருக்கேனே!”

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஸ்கூலுக்குப் போகவில்லை. அம்மாவோடு டாக்டரம்மாவிடம்.

நல்ல திட்டு. “மாத்திரை சாப்பிடுறவருக்கு இனிப்பைக் குறைச்சா முதல்ல என்கிட்ட சொல்லணும். உன் அப்பா தோணியில நின்னுக்கிட்டு இருந்திருந்தா?” பிறகு டின் லேபிளை நீட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். “இதையா தினமும் குடிச்சார்?” என்று கண்ணாடியைக் கழற்றினார்.

மாத்திரையைப் பாதியாக்கினார். தேங்காய்ப் பால் ஊற்றலாம், ஆனால் சின்ன ஸ்பூன் அளவு, கொழுப்பு இருக்கிறது. மயக்கம் வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லித் தந்தார். கடைசியாக: “யோசனை நல்ல யோசனை. ஒளிச்சுச் செஞ்சதுதான் தப்பு. அவர்கிட்ட சொல்லிரு.”

வெளியே வந்து அம்மா: “கேட்டேல்லா. நீயே சொல்லு. நான் மாத்திரையப் பத்தி மட்டும் சொல்லிக்கிடுதேன்.”

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லவில்லை.

இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை கெட்டில் ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை அப்பா பாடிக்கொண்டிருந்தார், தோணியில் பாய் ஏற்றும்போது பாடுவது. முகம் தெளிந்திருக்கிறது. நடுக்கம் திரும்ப வரவில்லை. ராத்திரி அடிக்கடி எழுந்து போவதில்லை என்று அம்மா சொன்னாள். இந்த நேரத்தில் போய் எப்படி?

கோமதி: “பேசாம டின்ல ஒரு சீட்டு எழுதிப் போட்ரு.” எருமை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கிளம்பும் நாள் நெருங்குகிறது என்று எல்லார் வீட்டிலும் பேச்சு.

இன்று டெஸ்ட். காலையில் வெறும் வயிற்றில் அப்பா தனியாகத்தான் போனார். கணக்கு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். சட்டைப் பையில் மடித்த காகிதம். அம்மா கேட்டாள், “பாத்தாச்சி” என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டார். டீ கேட்கவில்லை. டின்னை எடுத்தார். காதருகில் வைத்துக் குலுக்கினார். ஒரு கண்ணை மூடி ஆணி ஓட்டைக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

தெரிந்துவிட்டது. கட்டாயம் தெரிந்துவிட்டது. கையெழுத்துக் கிடைத்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கிடைக்காவிட்டால் அது வேறு. நாளை காலையில் நானே சொல்லிவிடுவேன், சத்தியம்.

அம்மா தூங்கிவிட்டாள். நான் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

குசினியில் யாரோ. பாத்திரச் சத்தம்.

சரக் சரக் என்று… தேங்காய் துருவுகிறார்கள்! இந்த நேரத்தில்!

அடுப்புப் பற்றவைக்கும் சத்தம். இருமல். அப்பா. இந்த வீட்டில் அப்பா அடுப்பைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

வாசனை வருகிறது. டீத்தூள். அப்புறம் சொதி. அய்யோ, சொதி வாசனை. கொதிக்க விட்டுவிட்டார்.

இந்தப் பக்கம் வருகிறார். கதவைத் தட்டுகிறார்.

“ஏளா, முழிச்சிதான இருக்க? டாக்டரம்மா எல்லாஞ் சொல்லிட்டா. கையெழுத்தும் போட்டுட்டா. தோணியில எவன் எனக்கு இதப் போட்டுத் தருவான், நானே படிக்கணும்லா? எண்ணெ எண்ணெயா மெதக்குது, எந்திச்சு வந்து சொல்லிக் குடு.”