பைன் புழுவின் முடி

ஆம்பூர்
ஞாயிறு

அன்புள்ள பரணிதரன் அவர்களுக்கு,

ஹேமா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை. கேட்டால் நல்லா இருக்கேன் என்பீர்கள்.

கொஞ்ச நாளாக வீடியோவில் முகத்தின் வலது பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்கள். பிறகு போனைத் திருப்பி பைன் மரங்களைக் காட்டுகிறீர்கள். கிளை நுனியில் பஞ்சு மூட்டை போலக் கூடுகள். உள்ளே புழுக்கள். அவை ஒன்றின் பின் ஒன்றாக இறங்கி மண்ணுக்குள் போய், கோடையில் சாம்பல் நிற அந்துப்பூச்சியாக வெளிவரும் என்றீர்கள். அதற்குள் கூட்டை அறுத்து எரிப்பது உங்கள் வேலை. போர்த்துகலில் இப்படியும் ஒரு வேலை என்றால் எங்கள் தோல் கம்பெனியில் யாரும் நம்பவில்லை. "நம்மூரு முருங்க மரத்துக்கு அனுப்புடி அவர" என்றாள் சம்பூர்ணம் அக்கா. நானும் சிரித்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். விளக்கடியில் தோலை விரித்து, உண்ணி கடித்த தடம், முள் கீறல் பார்த்து ஒதுக்குவது. வீட்டுக்கு வந்த பிறகும் கண் அதையே தேடுகிறது. வெள்ளிக்கிழமை நீங்கள் திரும்பியபோது ஒரு நொடி இடது கண் தெரிந்தது. அதைப் படமாக எடுத்துக்கொண்டேன். இமை வீங்கியிருந்தது. விழியில் வெள்ளை இல்லை.

உங்களோடு வேலை செய்யும் ஜியாவுல்லாவிடம் கேட்டேன். "கம்மியாத்தான் செவந்திருக்கு அண்ணி, பேஜார் ஆவாதீங்க. அவங்கப்பா சொன்ன மாதிரி தேச்சிட்டுதான் இருக்கான்" என்றார்.

மாமா சொல்லியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. தோல் பதனிடும் டேனரியில் குரோம் தண்ணீரில் நின்றுவிட்டு வருகிறவர்கள், அரித்த இடத்தைச் சுடுதண்ணீர்த் துணியால் அழுத்தித் தேய்த்து எண்ணெய் போடுவார்கள். அதையே உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். "அரிப்புக்கு இன்னாடா டாக்டரு, நல்லா தேய்."

படத்தை வேலூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டி, உங்கள் வேலையையும் சொன்னேன். அந்தப் புழுவின் முடி கண்ணில் விழுந்திருக்கலாம், அதில் கொக்கி போல முள் இருக்கலாம் என்றார். தேய்க்கத் தேய்க்க உள்ளே போகும். திரும்பி வராது. படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, யாராவது உடனே விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

மாமாவிடம் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். காலையில், "வந்துடச் சொல்லும்மா. நான் சொன்னா கேக்கமாட்டான். நீ எழுது" என்றார்.

தேய்க்காதீர்கள், டாக்டரிடம் போங்கள் என்று நேற்றே போனில் சொன்னேன். சரி என்றீர்கள். கண் தெரிகிறதா என்றதும் சிக்னல் போய்விட்டது.

கண் கெட்டது என்றால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். அனுப்பட்டும். என் பயம் அதுவல்ல. அதை எழுத வரவில்லை.

இதையும் போனிலேயே அனுப்பியிருக்கலாம். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வீர்கள். அதனால்தான் காகிதம். அதனால்தான் இவ்வளவு பொடி எழுத்து. ஜியாவுல்லாவின் மச்சான் நாளை அங்கே கிளம்புகிறார், அவர் கையில் கொடுக்கிறேன்.

வலது கண்ணைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். இந்த வரியைப் படியுங்கள்.

படிக்க முடிந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு எனக்குச் சொல்லுங்கள். முடியாவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அப்போது எதுவும் சொல்ல வேண்டாம். நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உங்கள் இரு கண்ணும் நலமாக இருக்கட்டும்.

ஹேமலதா