கடைசிக் குழியில் நீ மட்டை மாற்றியது

என் அன்புச் சவரிக்கு,

அன்று கோல்ப் போட்டியின் கடைசிக் குழியருகே நின்றவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நீ, உன்னோடு ஆடிய காசிம், அடிகளைக் குறித்துக்கொண்ட கிளப்புத் துரை, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் உன் மச்சானும், வேலியோரம் துப்பாக்கியோடு இரண்டு காவற்காரர்கள். மொத்தம் ஏழு பேர். ஊரடங்குக்கு முன் தோட்டத்து லய வீடுகளுக்குத் திரும்ப வேண்டுமென்று மற்ற எல்லாரும் போய்விட்டார்கள்.

உன்னைப் புதைத்தபின் இது மூன்றாவது கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வந்தேன். அங்கே பேச வாய் வரவில்லை. அதனால்தான் நம் கோவில் இதழில் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

கடைசியான அந்த ஒன்பதாம் குழி உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. முதல் அடி அடித்துவிட்டு நின்றால், எதிரே குறுக்காக பாரிட் கிடக்கும். வயலுக்குத் தண்ணீர் போகிற அகல வாய்க்கால். இரண்டாம் அடியிலேயே அதைத் தாண்டினால் நாலு அடியில் முடிக்கலாம். பந்து தண்ணீரில் விழுந்தால் ஆறாகும். இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு மூன்றாம் அடியில் தாண்டினால் அநேகமாக ஐந்து.

நீயும் காசிமும் துரைமாரின் மட்டைப் பையைத் தூக்கித் திரிந்து ஆட்டம் படித்தவர்கள். உங்கள் இருவரில் ஜெயிக்கிறவனுக்குக் கிளப்பில் சம்பள ஆட்டக்காரன் வேலை, உள்ளேயே வீடு. காசிம் உன்னைவிட ஓர் அடி முன்னால் இருந்தான். வழக்கம்போல் பாரிட்டுக்கு முன்னால் நிறுத்தினான். ஐந்தில் முடிப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். நீ நாலில் முடித்தால் சமம், மறுநாள் காலையில் திரும்ப ஆடியிருப்பீர்கள். ஐந்தென்றால் வேலை அவனுக்கு.

வெறும் வயிறு உனக்கு. கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தோட்டத்து கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள், காட்டுக்குள்ளிருந்து சண்டை போடுகிறவர்கள் கைக்குப் போய்விடுமாம், அதனால் சமைத்த சோறு வேலிக்கு வெளியே போகக் கூடாதென்று சட்டம். ஆனாலும் நீ தெம்பாகத்தான் நடந்தாய். பையிலிருந்து, தாண்ட அடிக்கிற நீள மர மட்டையை உருவினாய். உருவிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

நான் ஜெபமாலையை உனக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன்.

"அவன் ஆட்டம் புள்ள, விடேன்" என்று உன் மச்சான் முணுமுணுத்தார்.

முந்தைய ஞாயிறு மாதா படத்தின் முன்னால் உன்னைச் சத்தியம் செய்ய வைத்திருந்தேன், பாரிட்டைத் தாண்ட அடிக்க மாட்டேன் என்று. "மாதாவுக்குக் கோல்ப் தெரியுமாக்கா?" என்று சிரித்தாய். "உன் அவசர புத்தி தெரியும். கைய வை" என்றேன். வைத்தாய்.

மர மட்டையை வைத்துவிட்டு இரும்பு மட்டையை எடுத்தாய். பந்து பாரிட்டுக்கு இந்தப் பக்கம் புல்லில் சமர்த்தாக நின்றது. நான் கண்ணை மூடி மாதாவுக்கு நன்றி சொன்னேன். அடுத்த அடி நன்றாகத்தான் போனது. நாலாவது, குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு விலகியது. ஐந்து.

லோரியில் திரும்பும்போது நீயாகவே சொன்னாய்: "காத்து எதுத்து அடிச்சுச்சுக்கா. தாண்டியிருக்காது." எனக்கு அது போதுமாக இருந்தது. மறு மழைக்காலத்தில் காய்ச்சல் கொண்டுபோகும் வரையில் பிறத்தியார் பையைத்தான் சுமந்தாய். சுமந்துகொண்டு அந்தக் குழியைக் கடக்கும்போதெல்லாம் என்ன நினைத்திருப்பாய்?

போன புதன்கிழமை காசிம் வீட்டுக்கு வந்தான். தேநீர் கொடுத்தேன்.

"சவரி ஆடுனதையெல்லாம் எழுதி வெச்சிருந்தீங்களே, அந்த நோட்டு இருக்காக்கா?"

"இருக்கு தம்பி. எதுக்கு?"

"அடுத்த வாரம் ஈப்போ, கோலாலம்பூர் ஆட்டக்காரங்க நம்ம கிளப்புக்கு வர்றாங்க. அவங்க யாரும் பாரிட்டுக்கு முன்னால நிறுத்துற ஆளுங்க இல்ல. நான் பயந்த பய, ஒரு நாளும் தாண்டினதில்ல. நம்மள்ல அடிச்சுப் பாத்தவன் அவன் ஒருத்தன்தான்."

"அன்னிக்கும் அடிச்சிருப்பான். காத்து எதுத்துருச்சு" என்றேன்.

குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். "காத்தா? எல கூட ஆடலையேக்கா." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "இருந்திருக்கும்லா. நான் எங்க கவனிச்சேன்."

அவன் போனபின் நோட்டை எடுத்தேன். திங்கட்கிழமைகளில்தானே பை தூக்குகிறவர்களை ஆட விடுவார்கள். ஆடிவிட்டு வந்து நீ சொல்லச் சொல்ல ஒவ்வோர் அடியாக எழுதியது. அந்தக் குழிக்கு மட்டும் இருபது நாள். பன்னிரண்டு நாள் தாண்ட அடித்திருக்கிறாய். நாலு நாள் தண்ணீரில் விழுந்து ஆறு. அந்த நாலையும் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருந்தேன். மீதி எட்டு நாளும் தாண்டி, எட்டிலும் நாலு. அவற்றின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. முன்னால் நிறுத்தி ஆடியது எட்டு நாள், அதில் நாலு வந்தது ஒரே ஒரு நாள்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்வோமே, அந்தப் பழக்கத்தில்தான் உன் நோட்டையும் பார்த்திருக்கிறேன். விழுந்தது எத்தனை என்றுதான் அங்கே எண்ணுவோம், நிமிர்ந்து நடந்த நாளை யார் எண்ணுகிறார்கள்? ஆத்துமத்துக்கு அது சரி. நாலு வேண்டியவனுக்கு ஐந்தும் ஆறும் ஒன்றுதான் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு உன்னைப் படத்தின் முன் நிறுத்தினேன்.

"மாதா தடுத்துட்டாங்களேன்னு அழுவாத" என்றார் உன் மச்சான். "மாலையத் தூக்கினது நீ." அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

அன்று தாண்ட அடித்திருந்தால் பந்து தண்ணீரில் விழுந்தும் இருக்கலாம், தெரியும். விழுந்தாலும் அது உன் அடியாக இருந்திருக்கும். நீ கடைசியாக ஆடிய போட்டியில் என் அடியை உன் கையால் அடிக்க வைத்தேன்.

சனிக்கிழமை காசிம் வருகிறான். இருபது நாளையும் ஒரே மையில், சிவப்பு இல்லாமல் எழுதிக் கொடுப்பேன். தாண்டவா நிறுத்தவா என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன், கயிற்றோரம் போய் நிற்கவும் மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான் அங்கே வராமல் இருந்திருந்தால் எந்த மட்டையால் அடித்திருப்பாய்? அக்கா மனம் நோகுமே என்று இன்னொரு பொய் வேண்டாம். கனவில் வந்தாவது சொல். சீக்கிரம் சொல்லப்பா.

உன்னைத் தூக்கி வளர்த்த உன் அக்கா,
ஞானம்மா
புக்கிட் பெலிம்பிங்